காலடியில் ஒரு கோலம்: வடசென்னைத் தரையும் கணினியும்



சென்ற தை மாதம் எங்கள் தெருக்கோடியில் இருந்த பழைய வீட்டை இடித்தார்கள். நம்மில் பலரும் அதை நின்று பார்த்தோம். தேக்குக் கதவும் ஜன்னல் கம்பிகளும் முதல் நாளே விலை பேசிப் போய்விட்டன. உத்தரமும் கடப்பைக் கல்லும் மறுநாள் போயின. தரையை மட்டும் யாரும் கேட்கவில்லை. கூடத்தில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை என்று பூ போட்ட சிமென்ட் கல் பதித்திருந்தார்கள். பிரேக்கர் மிஷின் அரை நாளில் அந்தக் கூடத்தை முடித்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் மேஸ்திரியிடம் கேட்டு, உடையாத நாலு கல்லை வாங்கி வந்து தன் வீட்டுத் துளசி மாடத்தின் முன்னால் வைத்துக்கொண்டார். மீதியெல்லாம் ரப்பிஷ் லாரியில் ஏறிவிட்டது.

அந்த நாலு கல்லைப் பார்த்தபோது எழுந்த கேள்விகள்தான் இந்தக் கட்டுரை. இந்தக் கல் எப்படிச் செய்யப்பட்டது? இன்று அதே கல் வேண்டுமென்றால் கிடைக்குமா? எல்லாவற்றையும் கணினியில் வரையும் இந்தக் காலத்தில், இந்தக் கைத்தொழிலுக்குக் கணினி துணையா, எமனா? பதில் தேடிப் போனால் பாதிக் கதை நம் ஊரிலேயே இருக்கிறது.

கிளிஞ்சலில் தொடங்கிய தரை

சிமென்ட் வருவதற்கு முன்னால் சென்னையின் சுவரும் தரையும் கிளிஞ்சல் சுண்ணாம்பில் எழுந்தவை. பழவேற்காடு ஏரியிலும் எண்ணூர் கழிமுகத்திலும் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, அரைத்துச் சுண்ணாம்பு எடுத்தார்கள். 1806-ல் எண்ணூருக்கும் சென்னைக்கும் இடையே கால்வாய் வெட்டியபோது அதன் பெயர் காக்ரேன் கால்வாய். பிற்பாடு வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1878-க்குப் பிறகு பக்கிங்காம் கால்வாய் ஆனது. இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடக்கும் அதே கால்வாய்தான். உப்பு, விறகு, கிளிஞ்சல் எல்லாம் அதில் படகில் நகரத்துக்கு வந்தன.

அந்தச் சுண்ணாம்பை மூன்று பூச்சாகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சலவைக்கல்லா சுண்ணாம்பா என்று தெரியாத பளபளப்பு அது. ஐரோப்பியர்கள் வியந்து, 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பளபளப்பு பொருளில் மட்டும் இல்லை, தேய்க்கும் கையிலும் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போர்ட்லாண்ட் சிமென்ட் 1824-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. நம் நாட்டுக்கு அது மரப் பீப்பாய்களில் கப்பலேறி வந்தது. சென்னையில் அப்போது கப்பல் அணைய ஒழுங்கான துறைமுகம்கூட இல்லை. 1861-ல் கடலுக்குள் நீளும் இரும்புத் துறைமேடை கட்டினார்கள். 1875-ல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் போட்டார்கள். 1881-ல் வந்த புயல் கட்டியதைச் சிதைத்துவிட, மறுபடி கட்டினார்கள்.

இந்தியாவில் முறையாகச் சிமென்ட் தயாரிக்க நடந்த முதல் முயற்சியும் நம் சென்னையில்தான். 1904-ல் சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற கம்பெனி இங்கே கடல் கிளிஞ்சலை வைத்துச் சிமென்ட் செய்தது. அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நின்று பிடித்தது. ஆனாலும் சுண்ணாம்புக் காலத்துக் கிளிஞ்சலே சிமென்ட் காலத்துக்கும் நம் ஊரில் முதல் படி போட்டது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

பூ போட்ட கல் வந்த வழி

சிமென்டில் பூ போட்ட கல் செய்யும் முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் தெற்கிலும் ஸ்பெயினின் பார்சிலோனாவிலும் வளர்ந்தது. 1867-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் பார்சிலோனா கம்பெனி ஒன்று அதைக் காட்சிக்கு வைத்தது. அதற்கு முன்னால் இங்கிலாந்தில் மின்டன் போன்ற கம்பெனிகள் களிமண்ணைச் சுட்டுப் பூக்கல் செய்துகொண்டிருந்தன. சிமென்ட் கல்லுக்குச் சூளை தேவையில்லை. அச்சில் நிற நிறமாக ஊற்றி, அழுத்தி, தண்ணீரில் ஊறப் போட்டால் போதும். விறகுச் செலவு இல்லை, பெரிய ஆலை இல்லை. வெப்ப நாடுகளுக்கு அது வேகமாகப் பரவியதில் வியப்பில்லை.

பர்மாவிலும் மலேயாவிலும் பொருள் ஈட்டிய நகரத்தார் செட்டிநாட்டில் மாளிகைகள் எழுப்பியபோது பர்மா தேக்கு, இத்தாலிய சலவைக்கல், இங்கிலாந்துக் கற்கள் எல்லாம் கப்பலில் வந்தன. 1920-களிலும் 30-களிலும் ஜப்பான் இந்தப் போட்டியில் இறங்கியது. ஆங்கிலேயக் கல்லைப் பார்த்து, அதைவிட மலிவாக, பளபளக்கும் சுவர்க் கற்களைச் செய்தது. இந்தியச் சந்தைக்கென்றே நம் கடவுளர் உருவங்களைப் போட்ட கற்களையும் அனுப்பியது. ஆக, 'அதே மாதிரி, விலை குறைவு' என்ற வியாபாரம் நேற்று பிறந்ததல்ல.

இறக்குமதிக்குப் பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். நம் ராயபுரத்தில் 1910-ல் அக்னி கோயில் எழுப்பிய பார்சி சமூகத்தைச் சேர்ந்த இருவர் 1922-ல் பம்பாயில் பாரத் டைல்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். சுதேசி உணர்வில் பிறந்த தொழில் அது. தமிழ்நாட்டில் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கைவினைஞர்கள் தங்கள் ஊர் மணலைக் கொண்டு, மிஷினே இல்லாமல் பூக்கல் செய்யக் கற்றார்கள். ஊரின் பெயரே கல்லின் பெயராகிவிட்டது. எங்கள் தெருக்கோடி வீட்டுக் கல் இவற்றில் எந்த வகை என்று அறிய ஒரு வழி உண்டு. மிஷினில் அழுத்திய கல்லின் முதுகில் அச்சு பதிந்த தடம் இருக்கும், பல நேரம் கம்பெனிப் பெயரே இருக்கும். கையால் செய்த கல்லின் முதுகு சொரசொரவென்று கரண்டித் தடத்தோடு இருக்கும். துளசி மாடத்துக் கற்களைப் புரட்டிப் பார்த்தோம். கரண்டித் தடம்தான்.

கல் பிறக்கும் விதம்

கணினி எங்கே நுழைய முடியும், எங்கே முடியாது என்று புரிய, கையால் கல் செய்யும் முறையை ஒரு தடவை கூடவே இருந்து பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு கண்ணாடித் துண்டு. அதை நன்றாகத் துடைத்து, அதன் மேல் இரும்புச் சட்டத்தை வைப்பார்கள். சட்டத்துக்குள் பூ அச்சு இறங்கும். மெல்லிய உலோகத் தகட்டை வளைத்துப் பற்றவைத்து, அறை அறையாகப் பிரித்த அச்சு அது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம். வெள்ளை சிமென்ட், நைசான மணல், கலர்ப் பொடி மூன்றையும் கூழாகக் கரைத்து, அந்தந்த அறையில் கரண்டியால் ஊற்றுவார்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இரும்பு ஆக்சைடு.

பிறகு அச்சை மேலே தூக்க வேண்டும். வித்தை இதில்தான் இருக்கிறது. கை நடுங்கினால் நிறம் நிறத்தோடு கலந்துவிடும். கூழ் நீர்த்திருந்தால் கோடு கலைந்துவிடும். கெட்டியாக இருந்தால் ஓட்டை விழும். தூக்கிய உடனே உலர்ந்த மணல்-சிமென்ட் தூளைத் தூவுவார்கள். அது மிகுதி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன் மேல் ஈரக் கலவையை நிரப்பி, கரண்டியால் அழுத்தி மட்டம் செய்வார்கள். ஒரு நாள் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறும். பிறகு வெயிலில் உலர்த்தினால் கண்ணாடி தானாகக் கழன்றுவரும். கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடும். தரையில் பதித்த பின் உமியும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்ப்பார்கள். அதன்பிறகு மெருகு கூடுவது வீட்டில் நடமாடுகிறவர்களின் காலால்தான்.

கவனித்தீர்களா? கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் குப்புறக் கிடக்கிறது. வேலை செய்பவர் பார்ப்பது முதுகுப் பக்கத்தை. ஆகவே அச்சில் இடதுபுறம் இருப்பது தரையில் வலதுபுறம் வரும். இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும் பூவுக்கு இதனால் பாதகமில்லை. எழுத்தோ, ஒருபக்கம் பார்க்கும் மயிலோ போட வேண்டுமென்றால் அச்சையே தலைகீழாக யோசித்துச் செய்ய வேண்டும். தகட்டை வளைக்கும் முன்பே மனக்கண்ணில் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல அச்சுக்காரர்.

கோலத்துக்கு இலக்கணம்

துளசி மாடத்துக் கற்களுக்கு வருவோம். தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் முழுமை இல்லாத ஒரு வளைவு, ஒரு மூலையில் கால் பூ, அவ்வளவுதான். நாலு கல்லையும் ஒன்றை ஒன்று கால் வட்டம் திருப்பி வைத்தால் நடுவில் எட்டிதழ்ப் பூ மலர்கிறது. கூடம் முழுக்க ஒரே அச்சு. திருப்பி வைத்த விதத்தில்தான் கோலம்.

இந்தத் திருப்பலில் எவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது என்று 1704-லேயே செபாஸ்டியன் ட்ரூஷே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதினார். குறுக்கே வெட்டி, ஒரு பாதி கறுப்பு மறு பாதி வெள்ளையாக உள்ள ஒரே ஒரு சதுரக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நான்கு விதமாகத் திருப்பி வைக்கலாம். அப்படி நாலு கல்லைச் சேர்த்து வைக்க 256 வழிகள் உண்டு. ஒரு கல், நாலு இடம், 256 கோலம்.

இதைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு மார்கழி மாத வாசல் நினைவுக்கு வந்திருக்கும். வரவேண்டும். புள்ளி வைத்து, ஒரே வளைவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பெரிய கோலமாக்குவது நம் பெண்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதைக் கணினி அறிவியலாகப் பார்த்தவர்களும் சென்னைக்காரர்கள்தான். சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், கமலா கிரிதிவாசனும் சேர்ந்து 1974-ல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சில சொற்களையும் விதிகளையும் கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை இலக்கணம் பிறப்பிக்கிறது அல்லவா? அதேபோல் சில வடிவங்களையும் விதிகளையும் கொடுத்தால் கணினி எண்ணற்ற கோலங்களைப் பிறப்பிக்கும் என்று காட்டினார்கள். கணினி வரைகலை என்ற துறையே தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருள் வெளிவந்ததே 1982-ல்தான். அந்தக் கல்லூரி 1837-ல் ஜார்ஜ் டவுனில் தொடங்கி, 1937-ல் தாம்பரத்துக்குப் போனது. நம் பக்கத்து வீட்டிலிருந்து குடிபோன உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

கணினிக்கும் பூக்கல்லுக்கும் உறவு புதிதாக ஏற்படுத்த வேண்டியதல்ல. இரண்டும் சிறு அலகு, சில விதிகள், பெரிய கோலம் என்று ஒரே வழியில் யோசிக்கின்றன. உறவு எந்த முனையில் அமைகிறது என்பதுதான் கேள்வி.

கணினி வரும் இரண்டு வாசல்

முதல் வாசல் நீங்கள் அறிந்ததே. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்பெயினில், காகிதத்தில் மை தெளிக்கும் பிரிண்டரைப் போலவே செராமிக் கல்லின் மேல் மை தெளிக்கும் மிஷின் வந்தது. அது பத்து ஆண்டுகளில் உலகமெங்கும் பரவி, நம் நாட்டு டைல்ஸ் தொழிலின் தலைநகரான குஜராத்தின் மோர்பிக்கும் வந்தது. இனி எந்தப் படத்தையும் கல்லில் ஏற்றலாம். சலவைக்கல், மரப்பலகை, ஆத்தங்குடிப் பூ, எதுவானாலும் போட்டோ போதும். கையால் செய்ததுபோல் தெரிய வேண்டும் என்பதற்காகக் கல்லுக்குக் கல் சின்ன வேறுபாட்டையும் கணினியே போட்டுவிடும்.

நியாயமாகப் பேச வேண்டும். அச்சடித்த டைல்ஸ் மலிவு. துடைக்கச் சுலபம். புளி, எலுமிச்சை சிந்தினாலும் கறை பிடிக்காது. சிமென்ட் கல்லில் புளிப்பு பட்டால் மெருகு போய்விடும். நம் கடலோரத்துத் தரைத்தளங்களில் ஈரம் ஏறி உப்புப் பூக்கும் தொல்லையும் சிமென்ட் தரைக்கு அதிகம். மாடி வீட்டுக்காரர்கள் அச்சடித்த டைல்ஸ் போட்டதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் வீட்டிலும் அதுதான்.

ஆனால் அதன் ஓரம் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்தால் பாருங்கள், மேலே மயிரிழைப் படம், கீழே வேறு நிறக் கல். பூக்கல்லில் நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கும். ஐம்பது வருடம் நடந்து தேய்ந்தாலும் பூ இருக்கும், மறுபடி தேய்த்து மெருகேற்றலாம். இன்னொரு இழப்பும் உண்டு. போட்டோவை எடுத்துப் பூவை அச்சடிக்கும் இடத்தில் அச்சுக்காரருக்கும் வேலையில்லை, ஊற்றுபவருக்கும் வேலையில்லை. கைவினைஞரின் பூ விற்பனையாகிறது. கைவினைஞரிடமிருந்து எதுவும் வாங்கப்படவில்லை.

இரண்டாவது வாசல் அமைதியானது. இங்கே கணினி கல்லைத் தொடுவதே இல்லை, அச்சோடு நின்றுவிடுகிறது. பூவைக் கணினியில் கோடாக வரைவது, நிறம் மாற்றிப் பார்ப்பது, நூறு கல்லை அடுக்கிக் கூடம் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டுவது, சரியான அளவில் காகிதத்தில் எடுத்து அச்சுக்காரர் கையில் கொடுப்பது. அவர் அந்தக் காகிதத்தின் மேல் தகட்டை வளைத்து வைத்துப் பற்றவைப்பார். தகட்டை லேசரில் வெட்டுவதும், முப்பரிமாணப் பிரிண்டரில் அச்சு எடுத்துப் பார்ப்பதும் இப்போது சாத்தியம். கண்ணாடி பிம்பமாகத் திருப்பும் அந்தப் பழைய தலைவலி கணினியில் ஒரே தட்டில் தீர்ந்துவிடும். அதன்பிறகு கூழைக் கரைப்பதும், ஊற்றுவதும், அச்சைத் தூக்குவதும் கைதான்.

இந்த ஏற்பாடு வடசென்னைக்குப் புதிதல்ல. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் வந்தது, திருவொற்றியூரில் 1955-ல் என்ஃபீல்டு வந்தது, அவற்றைச் சுற்றி வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் முளைத்தன. வார்ப்படத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். முன்பு மரத்தில் இழைத்த மாதிரியை இன்று கணினியில் வரைகிறார்கள், மிஷினில் வெட்டுகிறார்கள். ஆனாலும் மணலின் பதம் பார்ப்பதற்கும் உருகிய இரும்பை ஊற்றுவதற்கும் அனுபவம் வேண்டும். புல்லட் வண்டியின் பெட்ரோல் டேங்கில் ஓடும் மெல்லிய பொன்னிறக் கோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டி முழுவதையும் கணினியில் வடிவமைக்கும் காலத்திலும் அந்தக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையால் இழுப்பதில்தான் அந்தக் கம்பெனிக்குப் பெருமை. கணினியையும் கையையும் ஒரே கூரையின் கீழ் வேலை வாங்கத் தெரிந்த ஊர் நம்முடையது.

வரைந்தால் போதாது

அந்த நாலு கல்லை நாங்களும் கணினியில் ஏற்றிப் பார்த்தோம். நம் குடியிருப்பில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் ஒரே மாலையில் வரைந்துவிட்டான். அழகாகத்தான் இருந்தது. இதழ்களின் நுனியை ஊசிபோல் கூர்மையாக்கியிருந்தான். நிறம் ஓரத்தில் மெல்ல மங்கி அடுத்த நிறத்தில் கலப்பதுபோல் செய்திருந்தான். பூக்கல் பதித்து அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரிடம் காட்டினோம். திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த மூலைக்குள்ள கலவை எப்படிப்பா போவும்?" என்று கேட்டார்.

பாடம் அங்கே தொடங்கியது. ஊசி முனைக்குள் கூழ் இறங்காது, இறங்கினாலும் அச்சைத் தூக்கும்போது அதோடு வந்துவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் நான்கு பக்கமும் வேலி வேண்டும், வேலி இல்லாத நிறம் வழிந்துவிடும். மங்கிக் கலக்கும் நிறம் அச்சில் நடக்காது. பழைய கல்லை மறுபடி பார்த்தான். இதழ் நுனி எல்லாம் லேசாக மழுங்கியிருந்தது. அந்த மழுங்கல் காலால் தேய்ந்தது என்று நினைத்துத்தான் அவன் 'சரிசெய்திருந்தான்'. அது தேய்மானம் இல்லை. செய்யும்போதே அச்சுக்காரர் யோசித்து வைத்த அளவு.

கணினி எதையும் வரையவிடும், அச்சு எல்லாவற்றையும் வார்க்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தொழிலறிவு. அது எந்த மென்பொருளிலும் இல்லை, தொழில் செய்கிறவர்களிடம் இருக்கிறது. வேலை கிடைத்தால் அந்த அறிவு பிழைக்கும், இல்லையென்றால் அவர்களோடு போய்விடும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன, மகிழ்ச்சி. ஆனால் அச்சுக்காரரின் பட்டறை பட்டியலால் நடப்பதில்லை, ஆர்டரால் நடக்கிறது.

இரண்டாவது முறை வரைந்தபோது பையன் கொத்தனாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். நாலு நாள் ஆனது. இப்போது எங்களிடம் இருப்பது அச்சுக்காரரிடம் கொண்டுபோகத் தகுந்த வரைபடம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

ஒன்று மட்டும் குறைகிறது. பூக்கல் தரையில் மூன்று வகைக் கல் உண்டு: நடுவில் பூக்கல், சுற்றி ஓரக்கல், திரும்பும் இடத்தில் மூலைக்கல். துளசி மாடத்துக்கு வந்தவை நாலும் நடுக்கல். ஒரு நடுக்கல் இருந்தால் முழுக் கூடத்தையும் கணினி அடுக்கிக் காட்டிவிடும். ஓரக்கல்லை அது கற்பனை செய்துதான் போட வேண்டும். அந்த வீட்டின் ஓரக்கல் எப்படி இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. கொடிபோல் ஓடியது என்கிறார் ஒருவர். சங்கிலிபோல் என்கிறார் இன்னொருவர். தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போனவர்கள் நாங்கள். ஒரு போட்டோ இல்லை.

அதனால்தான் கேட்கிறோம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எங்கேயாவது உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ பழைய பூக்கல் தரை இருந்தால், இடிக்கும் தேதி குறிக்கும் முன்னால் பதிவு செய்துவிடுங்கள். கைபேசி போதும். சில குறிப்புகள்:

தரையை ஈரத்துணியால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுங்கள். நிறம் தெளிவாக வரும்.

நேர் மேலிருந்து எடுங்கள். சாய்த்து எடுத்தால் சதுரம் கோணலாகி, வரைபவருக்கு வேலை இரட்டிப்பாகும்.

பக்கத்தில் ஒரு அடி ஸ்கேல் வையுங்கள். அளவு இல்லாத படத்தை வைத்து அச்சு செய்ய முடியாது.

நாலு நடுக்கல் சேர்ந்த ஒரு படம், ஓரக்கல்லுக்கு ஒரு படம், மூலைக்கல்லுக்கு ஒரு படம், முழு அறைக்கு ஒரு படம். நாலே படங்கள்.

இடிக்கும்போது முடிந்தால் வகைக்கு ஒரு கல்லை முழுசாக எடுத்து வையுங்கள். முதுகில் எழுத்து இருந்தால் அதையும் படம் எடுங்கள்.

படங்களைச் சங்க அலுவலகத்தில் ஒப்படைத்தால், தெருப் பெயரோடு சேர்த்து ஒரு தொகுப்பாக வைக்க நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. உங்கள் பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு சிறு யோசனையும் வைக்கப்போகிறோம். நம் சங்கக் கூடத்துக்குப் புதுத் தரை போடப்போவது உங்களுக்குத் தெரியும். கூடம் முழுக்கக் கைவேலைக் கல் போட நம் நிதி தாங்காது. நுழைவாயிலில் மட்டும், பாய் விரித்த மாதிரி, 8 அங்குலக் கற்களில் நீளத்துக்குப் பத்தும் அகலத்துக்கு ஆறுமாக 60 கல் பதிக்கலாம். 6 அடி 8 அங்குலத்துக்கு 4 அடி. அதில் 4 மூலைக்கல், 24 ஓரக்கல், 32 நடுக்கல். நாலு நாலாகச் சேர்ந்தால் எட்டுப் பூ. மூன்றே அச்சு. அச்சைச் சங்கத்திலேயே வைத்துக்கொண்டால், நாளை யாருடைய வீட்டு வாசலுக்காவது வேண்டுமென்றாலும் எடுத்துக்கொள்ளலாம். மீதிக் கூடத்துக்கு வழக்கமான டைல்ஸே போதும்.

செலவுக் கணக்கைப் பொதுக்குழுவில் தருகிறோம். வேண்டாம் என்று பெரும்பாலோர் சொன்னால் ஏற்றுக்கொள்கிறோம். வேண்டும் என்றால், எந்த ஓரக்கல் போடுவது என்ற கேள்வி நிற்கிறது. கணினியில் புதிதாக ஒன்றை வரைந்துவிடலாம்தான். ஆனால் அந்தக் கூடத்தைக் கட்டியவர்கள் இதே தெருக்களில்தான் கல் வாங்கியிருப்பார்கள், அதே அச்சில் வார்த்த ஓரக்கல் இந்தப் பகுதியில் இன்னும் ஏதாவது ஒரு வீட்டில் இருக்கக்கூடும்.

இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், பூஜையறை மூலையில் ஒரு தடவை பாருங்கள். கொடியா, சங்கிலியா என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.